முள் நின்ற புத்தகம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று குறுக்கே வந்துவிடும். ஆட்கள் பேரும் வருஷமும் மறந்துபோகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாசகர் வட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவள் நான். போன கூட்டத்தில், ஒவ்வொருவரும் விதவிதமான புத்தகங்களை எப்படிக் கண்டடைந்தோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுந்து போகப் பார்த்தேன். கூட்டம் நடத்தும் பிள்ளை வாசலில் மறித்துவிட்டாள். "பாக்கியம்மா, நீங்க பழைய பேப்பர் குடோன்ல இருந்தவங்க. உங்க கையில படாத புஸ்தகமா?" என்றாள். நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் நான் முதலில் பார்த்தது தீப்பெட்டி ஆபீஸ் வேலை. மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்தது. பிறகுதான் பேப்பர் குடோனுக்குப் போனேன். அங்கே சவரியம்மா என்று ஒருத்தி எனக்கு வேலை பழக்கினாள். "தூசிதான் இங்கன. மருந்துக்கு இது தேவலை. செத்தாலும் மெதுவாச் சாவலாம்" என்றாள். பழகுவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஊர் ஊராகச் சுற்றுகிற பழைய இரும்பு வியாபாரிகள் கொண்டுவரும் மூட்டைகளைத் தரையில் கொட்டுவோம். புத்தகத்தை மடியில் குப்புறப் போட்டு, முதுகில் கத்தியால் ஒரு கீறல். பிறகு அட்டையை இரண்டு பக்கமும் பின்னால் மடக்கி ஒரே இழுப்பு. இதற்கு அட்டை உரிக்கிறது என்று பேர். அட்டை சும்மா வராது. பசை பிடித்த தாள்களையும் கூட்டிக்கொண்டு வரும், முன்னால் நாலைந்து, பின்னால் நாலைந்து. அதைப் பிரித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அப்படியே அட்டைச் சாக்கில் போட்டுவிடுவோம். அது அட்டை மில்லுக்குப் போகும்.

நடுவில் மிஞ்சுவதுதான் தாள். அதில் வெள்ளை தனி, பழுப்பு தனி, வழவழப்பானது தனி. தாளைத் தைத்த கம்பிப் பின் இருந்தால் ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். எங்கள் தாளில் பாதி பட்டாசு ஆபீஸ்களுக்குப் போகும், வெடிக்குழல் உருட்ட. பின்னோடு போனால் உரசித் தீப்பொறி வரும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், நான் படித்த புத்தகம் எதற்கும் பேர் கிடையாது. எழுதியவர் யார் என்று தெரியாது. நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே நின்றுபோகும். ஒருவன் கப்பலில் போய்க்கொண்டிருப்பான், எங்கிருந்து ஏறினான் என்று தெரியாது. ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள், எதற்கென்று தெரியாது. புத்தகம் என்றாலே இப்படித்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு மேலே சாமுவேல் அண்ணாச்சி என்று ஒருவர். சரக்கைத் தரம் பார்ப்பவர் அவர்தான். தாளின் மூலையைக் காதருகே வைத்துக் கிழித்து, சத்தத்தை வைத்தே எந்தத் தாள் என்று சொல்லிவிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் விளக்குமாற்றை எடுத்துத் தானே பெருக்க ஆரம்பித்துவிடுவார். அவர் குனிந்து பெருக்குவதைப் பார்த்ததும் பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அதைவிட இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

"எழுத்தைக் கிழிக்கலாம்மா, பொழைப்பு. மிதிக்கக் கூடாது" என்பார். புத்தகக்கட்டின் மேல் யாரும் உட்காரக் கூடாது. சாமி புத்தகம் எந்த மதத்தினுடையதாக இருந்தாலும் கிழிக்கக் கூடாது. சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்திருந்தார். வேதாகமம், குரான், புராணம் எல்லாம் அங்கே ஏறும். எழுத்து தெரியாத புத்தகம் வந்தால் என்ன செய்ய? வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து எதுவானாலும் பலகைக்குப் போகட்டும் என்று வைத்திருந்தோம். ஒருநாள் தொழுகைக்குப் போகும் வழியில் ஒரு பாய் தண்ணீர் கேட்டு வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு இரண்டு புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். "இது ஓதுறதுதான். இதை எதுக்கும்மா மேல வச்சிருக்கிய? இது பிரியாணி, கொத்துக்கறி எல்லாம் செய்யுத புஸ்தகம்" என்றார். சவரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு மாசமா இதுக்கு நேரா நின்னுல்லா நான் சிலுவை போடுதேன்!" அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தையும் திரும்பப் பலகையிலேயே வைத்துவிட்டார்.

படிக்க வேண்டுமென்றால் மத்தியானச் சோற்று நேரத்தில் படிக்கலாம். வீட்டுக்கும் எடுத்துப் போகலாம், திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். எப்போதும் என் பையில் ஒன்று இருக்கும். என்னென்னவோ படித்தேன். குழந்தைகளுக்கான யானைக் கதை, வக்கீல்களுக்கான சட்டம், வெள்ளைக்காரர்கள் ரொட்டி சுடுகிற முறை, நட்சத்திரங்களுக்கு எவ்வளவு தூரம் என்பது, இலங்கையில் தேயிலை கிள்ளுகிற பெண் பாடும் பாட்டு. கரிசல் மண்ணைப் பற்றி ஒரு புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நம் காலில் ஒட்டுகிற மண்ணைப் பற்றி இவ்வளவு எழுத இருக்கிறதா என்று நினைத்தேன்.

சவரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. படம் பார்ப்பாள். ஒருநாள் நர்சு படிக்கிறவர்களின் புத்தகம் ஒன்று வந்தது. உள்ளே கர்ப்பப்பையின் படம். "இது என்னது பாக்கியம்?" என்றாள். சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதத்தானா எனக்கு ஆஸ்பத்திரியில எடுத்தாவ? இத்துனூண்டா? நான் என்னமோ பெரிசுன்னுல்லா நினைச்சேன்" என்றாள். அந்தத் தாளை மட்டும் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணாச்சி பார்த்தார். அடுத்த கட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

வெயில் காலம். வெள்ளைத்தாள் ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். தலையில் துண்டு, முழங்கால் வரை புழுதி, மேலெல்லாம் ஆட்டு வாடை. பேர் சுப்பையா, நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஒரு ஊர் என்றார். உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

"எம்மக புஸ்தகம் இங்கன வந்திருக்குன்னாவ" என்றார்.

"அண்ணாச்சி, இங்க மலை மலையாக் கெடக்கு. பேரு என்ன?" என்றாள் சவரியம்மா.

"மகாலட்சுமி."

"பிள்ள பேரு இல்ல அண்ணாச்சி. புஸ்தகத்துப் பேரு."

"எனக்கு எழுத்து தெரியாதும்மா. அட்டையில ஒரு பொம்பளப்பிள்ள நிக்கும். சுத்தி வெள்ளையாக் கெடக்கும், உப்பளம் மாதிரி. உப்பளத்துல நாய் வண்டி இழுக்கும்."

சவரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்பளத்துல நாய் வண்டியா? எந்த ஊர்லய்யா?" என்று கேட்டுவிட்டாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பிள்ள போயிட்டும்மா. பட்டாசு ஆபீசுல" என்றார்.

சவரியம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். மேலே படிக்கவைக்க முடியவில்லை. ஊரைவிட்டு மாற்றலாகிப் போன வாத்தியார் ஒருவர், தூக்கிக்கொண்டு போக முடியாமல் ஒரு சாக்குப் புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆடு மேய்க்கிற இடத்தில் அதை வைத்துப் படிப்பாளாம். பிறகு விடியக்காலையில் வேன் வந்து கூட்டிப்போகிற வேலைக்குப் போனாள். ஒருநாள் வேன் திரும்பி வந்தது, அவள் வரவில்லை.

"வீட்டுல அவ ஆத்தாளுக்குத் தாளைக் கண்டாலே ஆகல. தாளுல சுத்தித்தான் வெடி வெடிக்குன்னு சொல்லி, புஸ்தகத்தையெல்லாம் வியாபாரிகிட்டத் தூக்கிக் குடுத்துட்டா. நான் ஆட்டோட இருந்தேன். நாளைக்கழிச்சி பதினாறு. படையல்ல அது இருக்கணும்லா?"

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் படையலில் செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். பலகாரம், துணி, வளையல், வெற்றிலை போடுகிறவராயிருந்தால் வெற்றிலை. அது இல்லாமல் போனால் குறை என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

நாகலாபுரத்துச் சாக்கு முந்தின நாளே வந்துவிட்டது. அட்டைகளை அன்றைக்கே உரித்து, சாயங்காலம் மில் வண்டியில் ஏற்றியாயிற்று. பிள்ளை நிற்கிற அட்டை எங்கே போயிற்றோ. உள்தாள்கள் மட்டும் வெள்ளைக் குவியலில் கலந்து கிடந்தன. அதை ஏற்றத்தான் லாரி நிற்கிறது.

"அட்டையில்லாம எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்க? வேற அடையாளம் இருக்கா?" என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் நான் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

அவர் யோசித்தார். "முள்ளு குத்தி வைப்பா. உடைமரத்து முள்ளு. ஆடு அங்கிட்டு இங்கிட்டுப் போனா, நின்ன எடத்துல ஒரு முள்ள ஒடிச்சிக் குத்திட்டு ஓடுவா."

சவரியம்மா தன் பெருவிரலைப் பார்த்தாள். அன்று காலையில் குவியலைத் தள்ளும்போது தாளுக்குள்ளிருந்து ஒரு முள் அவள் விரலில் ஏறியிருந்தது. "எந்தக் கட்டையில போறவ புஸ்தகத்துக்குள்ள முள்ள வச்சா" என்று எல்லாரும் கேட்க ஏசியிருந்தாள். இப்போது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வாயில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டாள். "அய்யோ மாதாவே, அந்தப் பிள்ளையவா வஞ்சேன்" என்றாள்.

லாரி டிரைவர் ஆரனை அடித்துக்கொண்டிருந்தார். சாமுவேல் அண்ணாச்சி எங்களிடம் தேடு என்றும் சொல்லவில்லை, தேடாதே என்றும் சொல்லவில்லை. டிரைவர் தோளில் கையைப் போட்டு, "வாரும், டீ குடிச்சிட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நேரம் அவர் டீக்கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பெண்கள் எல்லாரும் குவியலில் உட்கார்ந்து பிரித்தோம். கண்ணால் பார்த்தால் ஓட்டை தெரியாது. தாளை விரலால் தடவ வேண்டும். ஒரு பக்கம் குழியும், மறுபக்கம் சின்னதாக எழும்பியிருக்கும். முதலில் ஒரு புத்தகம் அகப்பட்டது. நர்சு படிப்பு நுழைவுக்கான கேள்வி பதில். அடுத்தது நட்சத்திரங்களைப் பற்றியது. அடுத்தது ஏதோ மலைநாட்டில் கம்பளி நெய்கிற பெண்களைப் பற்றியது. ஒன்று சமையல். ஒன்று சின்னக் குழந்தைகளுக்குப் படம் போட்டது. எல்லாவற்றிலும் ஓட்டை வரிசையாகப் போனது. இரண்டு தாளுக்கு ஒன்று, சில இடத்தில் பத்துத் தாளுக்கு ஒன்று. ஆடு சும்மா இருந்த நாள் எது, அலைக்கழித்த நாள் எது என்று அதைத் தடவியே சொல்லிவிடலாம். நான் இத்தனை வருஷம் படித்தும் என் பின்னால் ஒரு தடம் இல்லை. அந்தப் பிள்ளை போன வழி தெரிந்தது.

கடைசியில் ஒரு புத்தகத்தில் முள் நின்றது. வெள்ளையாக, முனை ஒடியாமல். முக்கால்வாசி தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஓட்டை இல்லை. நான் பக்கத்தைப் பார்த்தேன். பனி, நாய்கள், ஒரு பெண்.

சுப்பையா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முள்ளைத் தொட்டுப் பார்த்தார், பிடுங்கவில்லை.

"இதுக்கு மேல அவ படிக்கலயாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப இது குறையில நிக்கிது." புத்தகத்தை மூடாமலே, "வச்சிக் கும்பிட்டா மட்டும் போதாது. மிச்சத்த அவளுக்கு வாசிச்சிரணும்" என்றார்.

ஊர் வாத்தியாரைக் கேளுங்கள் என்றேன். பள்ளிக்கூடம் லீவு, வாத்தியார் ஊரில் இல்லை என்றார். படித்த பிள்ளைகள் யாராவது இருப்பார்கள் என்றேன். "அந்த ஆபீசுக்கு வேலைக்குப் போற பிள்ளைகதான் படிச்ச பிள்ளைக. அதுக எங்க வீட்டு வாசலுக்கு வரவே பயப்படுதுக. நீ வந்து வாசிப்பியாம்மா?" என்றார். நான் யார் முன்னாலும் வாய்விட்டுப் படித்தவள் இல்லை. சின்ன வயதில் வாசிக்கச் சொன்னால் மூத்திரம் வந்துவிடும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சாமுவேல் அண்ணாச்சி டீக்கடையிலிருந்து வந்து நின்றிருந்தார். "போயிட்டு வாம்மா. நாளைக்கழிச்சி உனக்கு இங்கன வேலை இல்ல" என்றார்.

சவரியம்மாவும் கூட வந்தாள், பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கணும் என்று. நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து யாருடைய மோட்டார் சைக்கிளிலோ மாறி மாறிப் போனோம். காடு முழுக்க அறுப்பு முடிந்து, கரிசல் வாய் பிளந்து கிடந்தது.

வீட்டு நடுவில் அந்தப் பிள்ளையின் போட்டோ. பள்ளிக்கூடத்து அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். இலை விரித்து, அதிரசம், முறுக்கு, ஒரு பச்சைச் சுடிதார், கண்ணாடி வளையல், பக்கத்தில் அந்தப் புத்தகம். தாய் முத்துப்பேச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எங்களை வா என்றும் சொல்லவில்லை.

முள் நின்ற பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் இரண்டு பக்கம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாம்மா, அவளுக்குக் கேக்கணும்லா" என்றார் சுப்பையா.

கதை இதுதான். கடல் உறைந்து போகிற ஒரு நாடு. கடலுக்கு நடுவே ஒரு தீவில் கலங்கரை விளக்கு. அங்கே காய்ச்சலாகக் கிடப்பவருக்கு மருந்து எடுத்துக்கொண்டு, நாய்கள் இழுக்கிற சறுக்குவண்டியில் ஒரு பெண் போகிறாள். பனிக்காலம் முடிகிற நேரம். யாரும் போகாதே என்கிறார்கள், அவள் போகிறாள்.

"கடல் எப்படி உறையும்? பெட்டியில விக்கிற ஐஸ் மாதிரியா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அதுதான் அட்டையில வெள்ளையாக் கெடந்தது. நான் உப்பளம்னு நினைச்சேன். தண்ணியாம்" என்றார் சுப்பையா. அவருக்கு அதில் ஒரு பெருமை மாதிரி இருந்தது. மகள் படித்ததில் அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டது.

அவள் பாதி தூரம் போனபோது அடியில் பனி வெடிக்கிறது. முதலில் ஒரு கோடு, பிறகு கிளை கிளையாக. நான் அந்த இடத்தைப் படித்தபோது, "சித்திரையில கரிசல் வெடிக்குமே, அது மாதிரி" என்று யாரோ சொன்னார்கள். "வெடிப்புக்குக் கீழ தண்ணியா?" என்று ஒருத்தி கேட்டாள். முத்துப்பேச்சி எப்போது திரும்பினாள் என்று தெரியாது. நான் தாளைத் திருப்ப நிமிர்ந்தபோது என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி ஒருபக்கம் சாய்கிறது. அந்தப் பெண் மருந்துப் பையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, நாய்களின் கயிற்றை அறுத்து விட்டுவிடுகிறாள். நாய்கள் கரைக்குப் போய்விடுகின்றன. தூரத்தில் விளக்கு தெரிகிறது. அவள் நிற்கிற பனிப் பாளம் தனியாகப் பிரிந்துவிட்டது. நடுவில் கறுப்பாகத் தண்ணீர். அவள் தாண்டுவதற்குக் காலைத் தூக்கினாள் என்று இருந்தது. அடுத்த தாள் இல்லை.

நான் நிறுத்தினேன். அட்டையோடு போயிருக்கும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாசிக்கிற பயத்தில் அந்த நினைப்பே வரவில்லை.

"மிச்சம்?" என்றாள் முத்துப்பேச்சி. அவள் அன்று பேசிய முதல் வார்த்தை.

"தாள் இல்ல தாயி. அட்டையோட போயிட்டு."

"கரை ஏறினாளா?"

நான் கையிலிருந்த கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற உறவுக்காரர் ஒருவர், "ஏறியிருப்பா, ஏறியிருப்பா. கதைன்னா ஏறத்தான செய்யும். நேரமாகுது, படையல எடுங்க" என்றார்.

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். "நீங்க யாரு சொல்ல? அன்னைக்கும் இப்படித்தான சொன்னிய. பிள்ள ஆஸ்பத்திரியில இருக்கா, கண்ணு முழிச்சிட்டா, இட்லி கேட்டான்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனிய. நான் இட்லி கட்டிக்கிட்டுல்லா வந்தேன். போயிப் பாத்தா துணியில சுத்திக் கெடக்கா." அவள் அழவில்லை. அந்த வீட்டில் மற்ற எல்லாரும் அழுதார்கள். "எனக்கு இனிமே யாரும் நல்லதச் சொல்லக் கூடாது. உள்ளதச் சொல்லணும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஒண்ணும் பொய் சொல்லல. அந்தத் தாள் கெடச்சா வந்து சொல்லு. ஏறலன்னாலும் வந்து சொல்லு."

தேடிச் சொல்கிறேன் என்றேன். படையலை எடுத்தார்கள். புத்தகத்தை முள்ளோடு ஒரு துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். தாளே ஆகாது என்றவள்தான்.

மறுநாள் அட்டை மில்லுக்கு அண்ணாச்சி ஆள் அனுப்பிப் பார்த்தார். எல்லாம் கூழாக்குகிற தொட்டியில் ஊறலில் போட்டுவிட்டார்களாம்.

அன்றிலிருந்து என் படிப்பு மாறிப்போயிற்று. முன்பெல்லாம் நடுவில் படிப்பேன். பிறகு அட்டைச் சாக்கு போவதற்கு முன்னால் பின்அட்டைகளை எடுத்து, ஒட்டிக்கொண்டு வந்த கடைசித் தாள்களைப் பிரித்துப் பார்ப்பேன். அதே புத்தகம் இன்னொரு வீட்டிலிருந்து வராமலா போகும் என்று ஒரு நம்பிக்கை. பிள்ளைகள் புத்தகம், பெரியவர்கள் புத்தகம், அயல்நாட்டுக் கதை, பாட்டு, பக்தி ஒன்றும் விடவில்லை. அப்படித்தான் எத்தனையோ நாட்டுக் கதைகளின் கடைசி எனக்குத் தெரிந்தது. ஒரு கதையில் எல்லாரும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஒன்றில் ஒரு சிப்பாய் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான், திறக்க ஆள் இல்லை. பனி என்று கண்ணில் பட்டால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். ஒருமுறை பனியும் நாயும் இருந்த ஒரு தாள் அகப்பட்டது. ஆனால் அது வேட்டைக்குப் போன ஒரு ஆளின் கதை.

முத்துப்பேச்சி வருஷத்துக்கு ஒருமுறை, பிள்ளை போன மாசம், குடோனுக்கு வருவாள். தாள் கிடைத்ததா என்று கேட்கமாட்டாள். வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பாள். நான் தலையை ஆட்டுவேன். எழுந்து போய்விடுவாள். சாமுவேல் அண்ணாச்சி இருந்தவரை அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான். ஒருமுறை அவர் என்னிடம், "ஏம்மா, ஏறிட்டான்னு சொல்லி முடிச்சிவிடேன். ரெண்டு பேரும் இப்படி அலையுதிய" என்றார். நான் பின்அட்டையிலிருந்து தாளைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். அவர் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அண்ணாச்சி இல்லை. சவரியம்மாவும் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். குடோனில் அமுக்குகிற மிஷின் வந்துவிட்டது. அட்டை உரிப்பதில்லை. புத்தகத்தைப் பிரிக்காமலே மூட்டையோடு கொட்டுகிறார்கள், கட்டாக வெளியே வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. இருமலால் நானும் நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் நூலகத்துக்கு வந்தேன். அட்டை உள்ள புத்தகத்தைக் கையில் வாங்கியபோது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன். நூலகத்து அம்மாவும் தேடித்தான் பார்த்தார்கள். பேர் தெரியாமல், எழுதியவர் தெரியாமல் எப்படியம்மா தேடுவது என்றார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

எழுதச் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டது இதற்காகத்தான். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கலாம். தமிழில் மொழிபெயர்த்தது, சின்ன எழுத்து, வெள்ளைத்தாள். நான் சொன்னதில் சிலது மாறியிருக்கலாம். நாய்கள் எத்தனை என்று எனக்கு நினைவில்லை. காய்ச்சலாகக் கிடந்தது அவள் அப்பாவா, மாமாவா என்று சந்தேகம். விளக்கு தீவில் இருந்ததா, கரையிலா என்பதையும் சரிபார்க்க வேண்டும். முக்கியமாகக் கடைசித் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நல்லபடியாக மாற்றி எழுதிவிட வேண்டாம். அந்தப் பெண் தண்ணீரில் விழுந்திருந்தால் விழுந்தாள் என்றே எழுதுங்கள்.

சுப்பையா போய்ச் சேர்ந்துவிட்டார். முத்துப்பேச்சி படுக்கையில் கிடக்கிறாள். இந்த வருஷம் அவள் வரவில்லை, நான்தான் போய்ப் பார்த்தேன். அவளுக்குக் கண் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது.